பூட்டன் எங்கே பிறந்தார்? 1949இல் மலையகத்தின் ஓட்டுப் போன கதை

#1 லயத்துப்பேரன் (ஹட்டன்)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது, அடியில் விரித்திருந்த பத்திரிகைத் தாளுக்குக் கீழே ஒரு உறை கிடைத்தது. உள்ளே தாத்தா 1951இல் போட்ட பிரசாவுரிமை (குடியுரிமை) விண்ணப்பத்தின் பிரதி. கூடவே அது நிராகரிக்கப்பட்டதாக ஒரு பக்கக் கடிதம், ஆங்கிலத்தில். தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை யாராவது வாசித்துச் சொல்லியிருப்பார்.

நாங்கள் மலையகத் தமிழர், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர்களின் வழி. தாத்தா 1947 பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அப்போது சின்னம் இல்லை, ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. எந்த நிறத்தில் போட்டீர்கள் என்று கேட்டால் சாகும்வரை சொல்லவில்லையாம். "ரகசியம்னு சொல்லித்தானே போடச் சொன்னாங்க" என்பாராம். அதற்குப் பிறகு அவர் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போடவில்லை. போட விடவில்லை.

இதை அலுவலகத்தில் சொன்னபோது கூட வேலை செய்யும் ஒருவர் கேட்டார்: "குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்று சட்டம் போட்டார்கள். எந்த நாட்டில் அப்படி இல்லை? இதில் உங்களை மட்டும் எங்கே ஒதுக்கினார்கள்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கோபம்தான் வந்தது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 திண்டுக்கல் சேகர்

தம்பி தப்பா எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் அதே சந்தேகம்தான். இந்தியாவிலும் குடிமகனுக்குத்தான் ஓட்டு. குடியுரிமையைப் பறித்தது அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேர்தல் சட்டத்தை ஏன் குறை சொல்ல வேண்டும்? இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாமே.

#3 பழஞ்சட்டம் (கண்டி)

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது சேகர், அதுதான் அதில் உள்ள கெட்டித்தனம். நான் ஓய்வுபெற்ற சட்டத்தரணி. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சட்டங்களையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்க வேண்டும். முதலாவது, 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். அதன்படி நீங்கள் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உங்கள் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இரண்டு பேருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டத்தில் இந்தியர் என்றோ தமிழர் என்றோ தோட்டத் தொழிலாளி என்றோ ஒரு சொல் கிடையாது. குருநாகலில் வயல் செய்கிற சிங்கள விவசாயிக்கும் எழுத்தளவில் அதே விதிதான். அவரிடமும் பாட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்திருக்காது. ஆனால் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டது தோட்டத்து ஆளிடம் மட்டும்.

இரண்டாவது, 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். "வாசலை அடைத்துவிட்டீர்களே" என்று கேட்டவர்களுக்குக் காட்டிய ஜன்னல் இது. 1946 ஜனவரி 1க்கு முந்தி, மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததாக நிரூபித்தால் பிரசாவுரிமை கேட்கலாம். கேட்பதற்கு இரண்டு வருட அவகாசம். 1951 ஆகஸ்டில் ஜன்னலும் அடைபட்டது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

மூன்றாவதுதான் நீங்கள் சொல்லும் தேர்தல் சட்டம், 1949இன் 48ஆம் இலக்கத் திருத்தம். இலங்கைப் பிரசையாக இல்லாதவர் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய முடியாது. அவ்வளவுதான். பார்ப்பதற்கு அப்பாவியான ஒரு வசனம்.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். இடாப்பில் இருந்த பெயர்களை வெட்டியது 1949இல். "நீ பிரசையா இல்லையா என்று விண்ணப்பித்துத் தெரிந்துகொள்" என்று கொடுத்த அவகாசம் 1951 வரை. அதற்குப் பிறகு விசாரித்து முடிக்க இன்னும் பல வருடங்கள். தீர்ப்பு வருவதற்கு முந்தியே தண்டனை நடந்துவிட்டது. 1952 தேர்தல் வந்தபோது பெரும்பாலானவர்களின் விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில்தான் கிடந்தது. 1947இல் மலையகத் தமிழர் ஏழு பேர் பாராளுமன்றத்தில் இருந்தார்கள். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1952இல் ஒருவரும் இல்லை.

இதில் இன்னொரு விசேஷம் இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. தொகுதி பிரிக்கும்போது ஆட்களை எண்ணினார்கள், வாக்காளர்களை அல்ல. 75,000 பேருக்கு ஒரு ஆசனம் என்ற கணக்கில் தோட்டத்து மக்களின் தலையும் சேர்ந்தது. ஓட்டு மட்டும் இல்லை. அவர்கள் தலைக்குக் கிடைத்த ஆசனத்தைப் பக்கத்துக் கிராமத்து ஓட்டுகள் நிரப்பின.

#4 திண்டுக்கல் சேகர்

அந்தக் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். ஆளை எண்ணுவார்களாம், ஓட்டை எண்ண மாட்டார்களாம். இது எனக்குத் தெரியாது ஐயா.

ஆனால் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே?

#5 வடமராட்சியான்

போகத்தான் போனார்கள். அதற்கு முன்னால் பாராளுமன்றத்திலேயே தடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்தார். பிறகு அமைச்சராகிவிட்டு இரண்டாவதை ஆதரித்தார். செல்வநாயகம் அதற்காகத்தான் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். எங்கள் ஊரில் இன்றைக்கும் இதைப் பேசினால் வீட்டுத் திண்ணையில் சண்டை வரும்.

#6 கொட்டகலை ராணி

திண்ணைச் சண்டை இருக்கட்டும் அண்ணா, அப்போது எங்களுக்காக உரக்கப் பேசிய பலர் சிங்கள இடதுசாரிகள் என்பதையும் சொல்லுங்கள். சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தே ஓட்டுப் போட்டார்கள். அவர்களுக்கு அதில் சொந்த நட்டமும் இருந்தது, தோட்டத்து ஓட்டு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத்தான் விழுந்தது. ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பார்த்துத்தான் வெட்டினார்கள் என்று என் அப்பா சொல்வார்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையகக் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்றுதான் சொன்னது. காலம் முடியப்போகிற நேரத்தில் மனதை மாற்றிக்கொண்டது. அப்புறம் கடைசி மாதங்களில் முண்டியடித்துக்கொண்டு போட்ட விண்ணப்பங்களில் எத்தனை பிழை இருந்திருக்கும்! நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒதுக்கியிருக்கும் இடத்தைப் பற்றி எழுதினால் கோபம் வரும், விடுங்கள்.

#7 பழஞ்சட்டம் (கண்டி)

சேகர் கேட்ட நீதிமன்றக் கதை. அப்போது இலங்கையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29(2) என்று ஒரு பிரிவு இருந்தது. எந்த ஒரு சமூகத்துக்கும் மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையைச் சட்டத்தின் மூலம் விதிக்கக் கூடாது, விதித்தால் அந்தச் சட்டம் செல்லாது. சிறுபான்மையினருக்குக் கொடுத்த பெரிய காப்பு என்று அதைத்தான் எல்லோரும் சுட்டிக்காட்டுவார்கள்.

கோடாக்கன் பிள்ளை என்பவர் ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். பிரசை இல்லை என்று மறுத்தார்கள். இடாப்பைத் திருத்தும் அதிகாரியிடம் அவர் மேன்முறையிட்டார். அந்த அதிகாரி, சட்டங்கள் 29(2)க்கு முரண், பெயரைச் சேர்க்கலாம் என்று முடிவு சொன்னார். இந்த முழுக் கதையிலும் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான். உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. வழக்கு லண்டனில் கோமறைக் கழகம் வரைக்கும் போனது, அப்போது எங்களுக்கு அதுதான் கடைசி மேன்முறையீட்டு மன்றம். இந்தியாவில் பிரிவி கவுன்சில் என்பீர்கள். 1953இல் தீர்ப்பு. ஒரு நாடு தன் குடிகள் யார் என்று தீர்மானிப்பது அதற்கு இயல்பான அதிகாரம். அந்த மக்களும் பிரசையாவதற்கு ஒரு சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆகவே இது ஒரு சமூகத்தைக் குறிவைத்த தடை அல்ல என்றார்கள்.

ஜன்னல் ஏன் வைத்தார்கள் என்று இப்போது புரிகிறதா? அந்த ஜன்னலைக் காட்டித்தான் வழக்கில் வென்றார்கள்.

#8 அட்லாண்டா மீனா

ஐயா எழுதியதைப் படிக்கப் படிக்க எனக்கு இந்த ஊர்க் கதைதான் ஞாபகம் வருகிறது. இருபது வருடமாக ஜார்ஜியாவில் இருக்கிறேன்.

அமெரிக்காவில் 1870இலேயே அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் வந்துவிட்டது. நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது. உங்கள் 29(2) மாதிரியே. அதற்குப் பிறகு தென் மாநிலங்கள் நிறத்தைப் பற்றிப் பேசாமலே சட்டம் எழுதக் கற்றுக்கொண்டன. எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி, சொத்துத் தகுதி. லூசியானாவில் 1898இல் வந்தது எல்லாவற்றுக்கும் மேல். நீயோ உன் அப்பாவோ தாத்தாவோ 1867 ஜனவரி 1க்கு முன்னால் ஓட்டுரிமை பெற்றவராக இருந்தால் உனக்குத் தேர்வு கிடையாது, சொத்தும் காட்ட வேண்டாம். அந்தத் தேதியில் லூசியானாவில் கறுப்பர் யாருக்கு ஓட்டு இருந்தது? ஏழை வெள்ளையரைத் தாத்தா காப்பாற்றினார், கறுப்பரைத் தாத்தாவே தடுத்தார். 1896இல் அங்கே 1,30,334 கறுப்பர் பதிவாகியிருந்தார்கள். 1904இல் 1,342.

இங்கே தாத்தா, உங்கள் ஊரில் பூட்டன்.

இதையெல்லாம் உடைத்தது 1965இன் வாக்குரிமைச் சட்டம். செல்மா பாலத்தில் மார்ச் 7 அன்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்ததும் ஜான் லூயிஸின் மண்டை உடைந்ததும் எல்லோருக்கும் தெரியும். சட்டத்துக்குள் இருந்த 5ஆவது பிரிவைத்தான் சொல்ல வந்தேன். பாகுபாட்டில் ஊறியவை என்று அதே சட்டம் பட்டியல் போட்ட மாநிலங்களிடம், இனி நீங்கள் தேர்தல் விதியில் ஒரு கமாவை மாற்றினாலும் முதலில் வாஷிங்டனில் அனுமதி வாங்க வேண்டும் என்றது. யாருக்கும் பாதகம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மாநிலம். வாக்காளர் அல்ல. நிரூபிக்கும்வரை விதி அமலுக்கு வராது. மிசிசிப்பியில் பதிவான கறுப்பர் 6.7 சதவீதம் இருந்தார்கள், இரண்டே வருடத்தில் 60ஐத் தொட்டார்கள்.

2013இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அந்தப் பட்டியலைச் செல்லாது என்றது, அதனால் 5ஆவது பிரிவும் படுத்துவிட்டது. நனையவில்லையே என்று மழையில் குடையைத் தூக்கி எறிவது போல என்று நீதிபதி கின்ஸ்பர்க் மறுத்து எழுதினார். அதே நாளில் டெக்சாஸ் தன் அடையாள அட்டைச் சட்டத்தை அமலாக்குவதாக அறிவித்தது. மறைத்து வைக்கும் துப்பாக்கிக்கு வாங்கிய உரிமம் செல்லும், கல்லூரி மாணவர் அட்டை செல்லாது. இதிலும் ஒரு சமூகத்தின் பெயர் கிடையாது பாருங்கள். எந்தக் காகிதம் யாரிடம் இருக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

#9 திண்டுக்கல் சேகர்

அப்படியென்றால் இலங்கையிலும் அந்த 5ஆவது பிரிவு மாதிரி ஒன்று இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம், சரிதானே? அப்புறம், காகிதம் என்றதும் நம் ஊரில் 2025இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தமும்

#10 நெறியாளர்

சேகர், அதற்குத் தனி இழை இருக்கிறது, நானூறு பதிவு ஓடிவிட்டது. அங்கே போங்கள். மேலே உங்கள் பதிவைப் பாதியில் வெட்டியது நான்தான். மன்னிக்கவும்.

#11 பழஞ்சட்டம் (கண்டி)

இல்லை சேகர், தப்பித்திருக்க மாட்டோம். மீனா அம்மா சொன்ன ஏற்பாடு நல்ல ஏற்பாடு, ஆனால் அது வேலை செய்வதற்கு மேலே ஒருவர் வேண்டும். அலபாமா தவறு செய்தால் வாஷிங்டன் பிடிக்கும். இங்கே சட்டம் போட்டதே வாஷிங்டன். கொழும்புப் பாராளுமன்றத்துக்கு மேல் இருந்தது லண்டன் மட்டும்தான், அதன் தீர்ப்பைத்தான் பார்த்தோமே.

ஆனால் ஒன்றில் அவருடைய ஒப்பீடு மிகச் சரி. நிரூபிக்கும் பாரம் யார் தலையில்? அங்கே 1965க்குப் பிறகு அரசின் தலையில். இங்கே 1949இல் கொழுந்து பறிப்பவர் தலையில். ஓட்டுரிமை வழக்குகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

#12 அட்லாண்டா மீனா

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. 1980இல் மொபீல் நகர வழக்கில் இங்கே உச்ச நீதிமன்றமும் கோமறைக் கழகம் மாதிரிதான் பேசியது: விளைவு போதாது, கெட்ட எண்ணம் இருந்ததாக நிரூபி என்று. எண்ணத்தை எங்கே போய்த் தோண்டுவது? ஆனால் 1982இல் காங்கிரஸ் சட்டத்தையே திருத்திவிட்டது, விளைவு பாகுபாடாக இருந்தாலே போதும் என்று. அந்த விளைவு விதியை வைத்துத்தான் 2023இல் அலபாமாவின் தொகுதி வரைபடத்தை எதிர்த்த கறுப்பின வாக்காளர்கள் வென்றார்கள். 1982இல் அமெரிக்கக் கறுப்பர் கையில் ஓட்டு இருந்தது, அதனால் காங்கிரஸ் காது கொடுத்தது. 1953 தீர்ப்புக்குப் பிறகு மலையக மக்களுக்காகச் சட்டத்தைத் திருத்தியிருந்தால் எந்த எம்.பி.க்கு என்ன லாபம்?

#13 கொட்டகலை ராணி

லாபம் வந்தபோதுதான் திருத்தினார்கள் அக்கா. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. என் பெரியம்மா குடும்பம் நீலகிரிக்குப் போனது, நாங்கள் இருந்துவிட்டோம். 1977இல்தான் தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்றார், அதுவும் நுவரெலியா-மஸ்கெலியாவில் மூன்றாவது உறுப்பினராக. 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொன்று. அதோடுதான் நாடற்றவர் என்ற பேச்சு சட்டத்தில் முடிந்தது. 1949இலிருந்து 54 வருடம்.

பேரன் தம்பி, நீங்கள் இழையைத் தொடங்கிவிட்டு எங்கே போனீர்கள்? தாத்தாவுக்கு ஏன் மறுத்தார்கள் என்று சொல்லவே இல்லையே.

#14 லயத்துப்பேரன் (ஹட்டன்)

மன்னிக்கவும் டீச்சர், நேற்றுத்தான் கடிதத்தை முழுதாக வாசித்து முடித்தேன். எழுத்து மங்கிப் போயிருக்கிறது.

விண்ணப்பத்தோடு அவர் கொடுத்தவை: தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) நகல், அதில் பெயர் கருப்பன். பெரிய மாமாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த துண்டு, அதில் தகப்பன் பெயர் கருப்பையா. இரண்டும் ஒரே ஆள் என்பதற்குத் துரையின் கையெழுத்தோடு ஒரு கடிதம். அந்தத் துரை ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனுசன் போலிருக்கிறது. பெயர்ச் சிக்கலில் தாத்தா தப்பிவிட்டார்.

மாட்டிய இடம் வேறு. 1940இல் அவருடைய அம்மா துறையூர்ப் பக்கத்தில் ஊரில் இறந்துவிட்டார். தாத்தா போனார். மூத்த பிள்ளை, கொள்ளி வைத்தவர். தலைத்திவசம் முடித்துவிட்டுத்தான் திரும்பினார். கடிதத்தில் போன தேதியும் திரும்பி வந்த தேதியும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே 12 மாதமும் 9 நாளும். "தொடர்ச்சியான வதிவு முறிந்துள்ளது" என்று போட்டு முடித்திருக்கிறார்கள். அந்த 9 நாள் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கவில்லை.

#15 பழஞ்சட்டம் (கண்டி)

தம்பி, அந்தச் சட்டத்தில் ஒரு விதி. இடையிடையே வெளியே போய் வரலாம், ஆனால் ஒரே தடவையில் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 7 வருடக் கணக்கு அறுந்துபோகும்.

எத்தனையோ வருடம் சட்டப்புத்தகத்தில் அந்த 12 மாதத்தை வாசித்திருக்கிறேன், தலைத்திவசம் முடிய ஒரு வருடம் ஆகும் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. அம்மா செத்தால் மூத்த மகன் ஒரு வருடம் ஊரில் இருந்து திதி கொடுத்துவிட்டு வருவது எந்தச் சமூகத்து வழக்கமோ அந்தச் சமூகத்தின் பெயரைச் சட்டத்தில் எழுத வேண்டிய தேவையே இல்லை. உங்கள் அலுவலக நண்பருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தில் இருந்தது. செய்தாரா?

#16 லயத்துப்பேரன் (ஹட்டன்)

இல்லை ஐயா. அம்மா அப்போது சின்னப் பிள்ளை. வக்கீலுக்குக் கொடுக்க என்ன இருந்திருக்கும்? அம்மாவுக்கே 1988 சட்டத்துக்குப் பிறகுதான் கிடைத்தது, சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்து. 1989 பெப்ரவரியில் முதல் ஓட்டு, 45 வயதில். மை வைத்த சின்னிவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே லயத்துக்கு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கையால் சோறு பிசையக்கூட மாட்டேன் என்றாள். அது இடது கைதானே அம்மா, எப்படியும் அதில் பிசைய மாட்டாய் என்று அக்கா சிரித்தாள்.

#17 வடமராட்சியான்

தம்பி, ஒரு கேள்வி. தலைத்திவசம் சரியாக வருடத்தில் வந்திருக்கும். முடித்த கையோடு கிளம்பியிருந்தால் 9 நாள் எப்படிக் கூடியது? துறையூரிலிருந்து கப்பலேறும் தனுஷ்கோடிக்கு அவ்வளவு நாள் ஆகாதே.

#18 லயத்துப்பேரன் (ஹட்டன்)

நல்ல கேள்வி. அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

#19 லயத்துப்பேரன் (ஹட்டன்)

கேட்டேன். மண்டபம் கேம்பில் இருந்தாராம்.

#20 பழஞ்சட்டம் (கண்டி)

தோட்டத்துக்கு வருகிறவர்களைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க மண்டபத்தில் அடைத்து வைப்பார்கள். அந்தக் கேம்பை நடத்தியது இலங்கை அரசாங்கம்.

#21 திண்டுக்கல் சேகர்

அதே மண்டபம்தானே பிற்பாடு அகதி முகாம் ஆனது? ராமேஸ்வரம் போகும்போது ரயிலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாள் இருந்தாராம் தம்பி?

#22 லயத்துப்பேரன் (ஹட்டன்)

அதுதான் அம்மாவுக்குத் தெரியவில்லை. கூட வந்த கூட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலாம். "அது இறங்கினப்புறந்தான் எல்லாரையும் ஒண்ணா விட்டாங்களாம்" என்கிறாள்.